பெரிய ஆற்றுப் பாய்ச்சலில் கயாக்: தாமிரபரணிக் கரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நெல்லைக்காரர்களுக்குக் கனஅடி என்ற சொல் பழக்கமானது. பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி, வினாடிக்கு இத்தனை கனஅடி திறப்பு என்று காலையில் டீக்கடையிலேயே காதில் விழுந்துவிடும். ஆனால் அந்த எண் உடம்பில் எப்படி மோதும் என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு கனஅடி என்பது சுமார் 28 லிட்டர், அதாவது இரண்டு குடம். ஆயிரம் கனஅடி என்றால் வினாடிக்கு 28 டன் தண்ணீர் உங்களைக் கடந்து போகிறது. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும். பெரிய ஆற்றில் கயாக் ஓட்டப் போகிறவர் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் துடுப்பைத் தொட வேண்டும்.

ஆறு சரிந்து, பாறையில் மோதி, நுரைத்துக்கொண்டு ஓடும் இடத்தை ஓட்டுகிறவர்கள் ரேபிட் என்பார்கள். நான் பாய்ச்சல் என்றே எழுதுகிறேன். கயாக் என்றால் சுற்றுலாத் தலங்களில் வாடகைக்கு விடுகிற, மேலே உட்கார்ந்து மிதிக்கிற படகு இல்லை. இடுப்புக்குக் கீழே முழுவதும் உள்ளே போய்விடும், எட்டு ஒன்பது அடி நீளமுள்ள, தடித்த பிளாஸ்டிக்கில் செய்த ஒற்றை ஆள் படகு.

முதலில் எங்கே இறங்கக் கூடாது

தாமிரபரணி இருக்கும்போது எதற்கு வெளியூர் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஆற்றின் மேல்பகுதி, காரையாறு, பாணதீர்த்தம் பக்கமெல்லாம், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே படகோடு போவது சட்டப்படி குற்றம். பாபநாசத்துக்குக் கீழே ஆறு பெரும்பாலும் சாதுவானது. ஆனால் அதன் குறுக்கே அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள்.

இந்த அணைக்கட்டுகளைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும். உயரமும் அதிகமில்லை. தண்ணீர் ஒரே சீராகக் கண்ணாடித் தகடு போல வழியும். பாறைப் பாய்ச்சலைப் பார்த்துப் பயப்படுகிற ஆள்கூட இதைப் பார்த்து, "இதில் என்ன இருக்கிறது, வழுக்கிக்கொண்டு போய்விடலாம்" என்பார். ஒருமுறை வெள்ளம் வடிகிற சமயத்தில் ஓர் அணைக்கட்டுக்குக் கீழே வாழைமரம் ஒன்று கிடந்ததைச் சித்தப்பா காட்டினார். கிடந்தது என்பது தப்பு, உருண்டுகொண்டிருந்தது. நுரைக்குள் போகும், மூழ்கும், பத்தடி தள்ளி எழும்பும், எழும்பியதும் திரும்பவும் அணைக்கட்டின் அடிக்கே ஊர்ந்து வரும், மறுபடி மூழ்கும். நாங்கள் வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போதும் அது அங்கேயே இருந்தது.

"பாத்தியா லே, மரமே வெளிய போக முடியல. நீ போவியா?" என்றார்.

கரையிலிருந்து கரைவரை ஒரே நேர்கோட்டில் தண்ணீர் விழும்போது, விழுகிற நீர் அடியில் போய், மேல்தண்ணீரைத் தன் பக்கமே திருப்பி இழுக்கிறது. இயற்கைப் பாறை என்றால் பக்கவாட்டில் தப்பிக்க எங்காவது ஒரு வாய் இருக்கும். மனிதன் கட்டிய தடுப்பில் அது இருக்காது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். குளத்துக் கலுங்கில் மறுகால் பாயும்போதும் இதே கதை. அதனால் அணைக்கட்டு, கலுங்கு, தரைப்பாலம் இவை மேல் தண்ணீர் போகும்போது கயாக்கோடு கிட்டே போகவே போகாதீர்கள். எவ்வளவு தேறிய பிறகும் எனக்கு இதில் மாற்றுக் கருத்து இல்லை.

இங்கே செய்ய வேண்டியது பயிற்சி. நிஜப் பாய்ச்சலுக்கு வெளியே போக வேண்டும்.

பொருட்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் வருடம் எதையும் வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். ஆற்றோட்டத்துக்கான கயாக், 190 முதல் 200 சென்டிமீட்டர் வரையுள்ள துடுப்பு, காது மூடும் ஹெல்மெட், இடுப்பிலும் விலாவிலும் இறுக்கிக் கட்டக்கூடிய லைஃப் ஜாக்கெட், உறுதியான அடிப்பாகமுள்ள ஷூ, விசில், 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் கயிறு அடைத்த பை. செருப்புப் போட்டுக்கொண்டு வருகிறவரைக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டபின் தோள்பட்டைப் பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். மூக்குவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை.

இன்னொன்று ஸ்கர்ட். இடுப்பில் மாட்டிக்கொண்டு, கயாக்கின் வாய் விளிம்பில் இழுத்துப் பொருத்தும் ரப்பர்த் துணி. நம் பையன்கள் பாவாடை என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். அதன் முன்முனையில் ஒரு பட்டை வளையம் இருக்கும். அந்த வளையம் வெளியே தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

குளத்தில்: கவிழக் கற்றுக்கொள்வது

நீச்சல் தெரியும் என்று நம்மூரில் எல்லோரும் சொல்வார்கள். பம்புசெட் கிணற்றில் மேலிருந்து குதித்துக் கற்றவர்கள் நாம். அது உதவும், ஆனால் போதாது. கயாக்கில் தலைகீழாகத் தொங்கும்போது எந்தப் பக்கம் மேலே என்பதே தெரியாது. மூக்கில் தண்ணீர் ஏறும். கிணற்றில் மூழ்கிப் பழகிய தைரியமெல்லாம் அங்கே பாதியாகிவிடும்.

ஆகவே முதல் பாடம் வெளியே வருவது. இடுப்பளவுத் தண்ணீர், பாசியும் அமலைச் செடியும் இல்லாத குளம், பக்கத்தில் நிற்க ஒரு ஆள். ஊராட்சியிலும் ஊர்ப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள். இல்லாவிட்டால் கவிழ்ந்த படகைப் பார்த்து யாராவது தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிடுவார்கள். கவிழ்ந்ததும் முன்னால் குனியுங்கள், நெற்றி படகைத் தொடுகிற மாதிரி. படகின் அடியில் கையால் மூன்று தட்டு தட்டுங்கள். இது பதற்றத்தை அடக்குவதற்கு, கூடவே ஆளைக் கூப்பிடவும் ஆகும். பிறகு வளையத்தைத் தேடி, முன்னால் தள்ளி, அப்புறம் இழுங்கள். ஸ்கர்ட் விடுபட்டதும் இரண்டு கையையும் இடுப்பருகே விளிம்பில் வைத்து, கால்சட்டையைக் கழற்றுகிற மாதிரி படகை உடம்பிலிருந்து தள்ளிவிடுங்கள். பின்னால் சாய்ந்து வெளியே வர முயன்றால் தொடை மாட்டிக்கொள்ளும்.

இதை இருபது முறை செய்யுங்கள். இருபதாவது முறை சலிப்பு வர வேண்டும்.

அடுத்தது ரோல், அதாவது கவிழ்ந்த படகிலிருந்து இறங்காமல் அப்படியே புரண்டு எழுவது. ஆர்க்டிக் பக்கத்து இன்யூட் மக்கள் கடல்நாய் வேட்டைக்குத் தோல் படகில் போனவர்கள். அந்தக் குளிரில் படகை விட்டு நீந்தினால் பிழைப்பது அரிது. இந்த வித்தை அவர்களிடமிருந்து வந்தது. குனிந்து, துடுப்பைப் படகின் ஓரத்தோடு ஒட்டி, அலகைத் தண்ணீரின் மேற்பரப்பில் வைத்து, முன்னிருந்து பக்கவாட்டில் ஒரு வட்டம் வீச வேண்டும். அந்த வீச்சில் கை செய்வது கொஞ்சம்தான். படகைப் புரட்டுவது இடுப்பும் முழங்காலும்.

எல்லோரும் தோற்கும் இடம் ஒன்றே. மூச்சுக்காகத் தலையை முதலில் தூக்குவார்கள். தலை ஏறக்குறைய 5 கிலோ. அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால் அதே பாரம் படகைத் திரும்பக் கவிழ்க்கும். இடுப்பு, உடம்பு, கடைசியில் தலை. எனக்குச் சொல்லிக் கொடுத்த அண்ணாச்சி தாடைக்கும் தோளுக்கும் நடுவே ஒரு பந்தை வைத்து, அது கீழே விழாமல் எழுந்திரு என்றார். மூன்று வாரம் ஆனது. இரண்டு பக்கமும் வரவேண்டும், ஏனென்றால் ஆறு உங்களுக்குப் பிடித்த பக்கமாகப் பார்த்துக் கவிழ்ப்பதில்லை.

பாலத்தில்: தண்ணீரை வாசிப்பது

இதற்குக் கயாக்கே தேவையில்லை. ஆற்றில் நல்ல ஓட்டம் இருக்கும் ஒரு நாளில் நெல்லையில் சுலோசன முதலியார் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். தூணின் முன்பக்கம் தண்ணீர் கொஞ்சம் குவிந்து மேடாக நிற்கும். இரண்டு பக்கமும் பிரிந்து வேகமாக ஓடும். இப்போது தூணின் பின்பக்கத்துக்கு வாருங்கள். அங்கே ஒரு அமலைச் செடி சிக்கியிருந்தால் அதையே கவனியுங்கள். ஆறு ஒரு பக்கம் போகிறது, செடி அதற்கு எதிரே, தூணை நோக்கி மெதுவாக ஊர்ந்து வரும். தூணைத் தொடப்போகும் நேரத்தில் ஓரத்துக்கு நகரும், ஓட்டத்தின் விளிம்பைத் தொட்டதும் சட்டென்று வெட்டி இழுக்கப்படும், கொஞ்ச தூரம் போய் மறுபடி உள்ளே சுழன்று வரும்.

அந்த ஒதுங்கிய தண்ணீருக்குக் கயாக்காரர்கள் எடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாகர்கோவில் பக்கம் பெண்கள் இருக்குமிடத்தில் இதை உரக்கச் சொல்லாதீர்கள், வேறு அர்த்தம். பாறை, தூண், கரையின் முட்டு எது இருந்தாலும் அதன் பின்னால் ஒரு எடி இருக்கும். ஓடுகிற ஆற்றில் நிற்க இடம் அது ஒன்றுதான். மூச்சு வாங்க, கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க, கவிழ்ந்த ஆளுக்காகக் காத்திருக்க எல்லாவற்றுக்கும் அங்கேதான் ஒதுங்க வேண்டும். அலையில் துள்ளிக்கொண்டு இறங்குவதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள், ஆறே இறக்கிவிடும். ஒருவர் தேறியவரா என்று தெரிய வேண்டுமானால், அவர் எங்கே எல்லாம் நின்றார் என்று கேளுங்கள்.

மற்ற அடையாளங்களும் பாலத்திலிருந்தே தெரியும். இரண்டு பாறைக்கு நடுவே ஓட்டம் குவியும்போது, கூர்முனை கீழ்நோக்கிப் பார்க்கும் அம்பு போல வழவழப்பான நாக்கு ஒன்று தெரியும். அது வழி. கூர்முனை உங்களைப் பார்த்து, ஆற்றின் மேல்பக்கமாக இருந்தால் அங்கே தண்ணீருக்கடியில் பாறை. வரிசையாக, ஒரே இடத்தில் நின்று ஏறி இறங்கும் அலைகள் என்றால் கீழே ஆழம் இருக்கிறது, பெரும்பாலும் நல்ல சேதி. ஒற்றையாக, தனியே ஓர் அலை மட்டும் தலைநீட்டினால் சந்தேகப்படுங்கள்.

குழி என்பது தண்ணீர் பாறைமேல் ஏறி விழுந்து, பின்பக்கம் மேல்நோக்கித் திரும்பி மடிகிற இடம். ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து பார்க்கும்போது அதன் இரண்டு ஓரமும் ஓட்டம் போகிற பக்கமாக வளைந்து, சிரிக்கிற வாய் மாதிரி தெரிந்தால் ஓரமாக வெளியே தள்ளிவிடும். ஓரங்கள் உங்கள் பக்கம் வளைந்து, முகம் சுளித்த வாய் மாதிரி இருந்தால் உள்ளே நடுவுக்கு இழுத்து வைத்துக்கொள்ளும். அணைக்கட்டு இதே ஜாதி, ஓரமே இல்லாத வாய்.

எல்லாவற்றையும்விட மோசமானது மரம். வெள்ளத்துக்குப் பின் ஓரத்தில் சாய்ந்து கிடக்கும் மரமும், தண்ணீருக்குள் நிற்கும் சீமைக்கருவேலப் புதரும் தண்ணீரை விடும், ஆளை விடாது. பால் வடிகட்டியில் தேயிலை நிற்பது போல நின்றுவிடுவோம். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின் ஆற்றங்கரை புதர்களில் எத்தனை உயரத்தில் என்னென்ன தொங்கியது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஓடும் தண்ணீரில்: நுழைவது, வெளியேறுவது, கடப்பது

எடிக்கும் ஓட்டத்துக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. இந்தப் பக்கம் தண்ணீர் மேலே, அந்தப் பக்கம் கீழே. படகு அந்தக் கோட்டைத் தாண்டும் நொடியில் மூக்கு ஒரு திசையிலும் வால் ஒரு திசையிலும் இழுபடும். புதியவர்கள் கவிழ்வதில் பாதிக்கு மேல் இங்கேதான் என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

எடிக்குள் நுழைய வேகம் வேண்டும். தயங்கினால் கோட்டின் மேலேயே நின்று கவிழ்வீர்கள். பாறைக்கு ஒட்டி, எடியின் உச்சியைக் குறிவைத்து, ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் வெட்டி நுழையுங்கள். நுழைந்ததும் படகு திரும்பும். சைக்கிளில் வளைவெடுக்கும்போது உள்பக்கம் சாய்வோமே, அதே மாதிரி திரும்பும் பக்கமாகச் சாய்ந்து, உள்ளே நிற்கும் தண்ணீரில் துடுப்பை ஊன்றுங்கள்.

வெளியே வரும்போதும் சைக்கிள்தான். மூக்கை ஆற்றின் மேல்பக்கமாக வைத்து, வேகமெடுத்துக் கோட்டைத் தாண்டுங்கள். ஓட்டம் மூக்கைப் பிடித்துக் கீழே திருப்பும், நீங்களும் கீழ்ப்பக்கம் சாயுங்கள். வரும் தண்ணீரைப் பார்த்த விளிம்பைத் தூக்கு என்பதுதான் எல்லாவற்றுக்கும் ஒரே விதி. அந்த விளிம்பு அமுங்கினால் தண்ணீர் படகின் மேல் ஏறி உட்கார்ந்து, நீங்கள் என்ன நடந்தது என்று யோசிப்பதற்குள் கவிழ்த்துவிடும்.

ஆற்றைக் குறுக்கே கடப்பது நம்மவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். எதிர்ப் படித்துறைக்கு நீந்த வேண்டுமானால் மேலே போய் இறங்கி, ஓட்டத்தைச் சாய்வாக எதிர்த்துப் போவோம் இல்லையா? கயாக்கிலும் மூக்கை மேல்நோக்கி, போக வேண்டிய கரைப் பக்கம் கொஞ்சமே சாய்த்துத் துடுப்புப் போடுங்கள். ஓட்டம் வேகமாக இருந்தால் சாய்வைக் குறையுங்கள். தண்ணீரே உங்களைப் பக்கவாட்டில் தள்ளிக் கரை சேர்க்கும்.

ஓட்டம் உங்களைப் பாறைமேல் பக்கவாட்டில் மோதப்போனால் பாறையைக் கட்டிப்பிடியுங்கள். மனம் விலகிச் சாயத்தான் சொல்லும். விலகிச் சாய்ந்தால் மேல்விளிம்பு அமுங்கி, படகு பாறையில் வாழை இலை மாதிரி மடிந்து ஒட்டிக்கொள்ளும்.

துடுப்பைத் தலைக்கு மேலே, உடம்புக்குப் பின்னே கொண்டுபோகாதீர்கள். தோள்மூட்டு நழுவுவது இந்த விளையாட்டின் பெரிய காயம். முழங்கை இடுப்புக்கு அருகே, கைகள் எப்போதும் கண்முன்னே.

எந்த ஆறு, எப்போது

பாய்ச்சல்களை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பது உலக வழக்கம். 1 என்றால் சலசலப்பு. 3-இல் ஒழுங்கற்ற அலைகளும் திருப்பங்களும் வரும். 4 என்றால் வழி கட்டாயம், தவறினால் விலை உண்டு. 5 நீண்ட, கொடூரமான பாய்ச்சல். 6 கிட்டத்தட்ட யாரும் இறங்காதது. ஒரே பாய்ச்சல் தண்ணீர் ஏறும்போது ஒரு தரம் கூடலாம், சிலது மூழ்கிச் சாதுவாகவும் ஆகலாம். ஆகையால் பழைய தரத்தைக் கேட்டுக்கொண்டு இறங்காதீர்கள், அன்றைய தண்ணீரைக் கேளுங்கள்.

நமக்குப் பக்கத்தில் கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரி. தென்மேற்குப் பருவமழையில் சாலிப்புழா, இருவஞ்ஞிப்புழா இரண்டிலும் கயாக் போட்டிகள் நடக்கின்றன. ஆனால் அவை பாறை நெருக்கமான, செங்குத்தான சின்ன ஆறுகள். பெரிய ஆற்றின் பாடம் வேறு. அதற்கு கங்கைதான். தேவப்பிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் சேர்ந்து கங்கையாகி, ரிஷிகேஷ் வரும் வரை வரிசையாகப் பாய்ச்சல்கள். சிவபுரியிலிருந்து லட்சுமண் ஜூலா வரையிலான பகுதியில் ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்று பெயர் வைத்த பாய்ச்சல்கள் உண்டு. பியாசி பக்கம், ஆங்கிலத்தில் சுவர் என்று பொருள்படும் 'வால்' என்ற பாய்ச்சல் இருக்கிறது, அது 4-ஆம் தரம், முதல் பயணத்தில் கரையோடு நடந்து பாருங்கள், போதும். ஜூலை, ஆகஸ்டில் மழைக்காகப் படகோட்டம் நிறுத்தப்படும். குளிர்காலத்தில் தண்ணீர் குறைவு, தெளிவு, ஆனால் உறைய வைக்கும் குளிர். தாமிரபரணியில் மார்கழிக் குளியலே குளிர் என்று நினைத்துக்கொண்டு போனேன். குளிரைத் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட் இல்லாமல் இறங்காதீர்கள். மேலே டெஹ்ரி அணை இருப்பதால் காலையில் பார்த்த தண்ணீர் மாலையில் இருக்காது, உள்ளூர்க்காரர்களிடம் தினமும் கேளுங்கள். நெல்லைக்காரர்களுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ரிஷிகேஷுக்கு வாராந்திர ரயில் உண்டு, படகை வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் அதுவே வசதி.

இறங்குமுன்

மூன்று பேருக்குக் குறையாமல் போங்கள். தெரியாத பாய்ச்சலுக்கு மேலே உள்ள எடியில் ஒதுங்கி, இறங்கி நடந்து, முழுவதையும் பாருங்கள். கீழிருந்து மேலாகப் பார்ப்பது என் வழக்கம். முதலில் எங்கே முடிக்க வேண்டும், அதற்கு எங்கிருந்து வர வேண்டும், அதற்கு எந்த நாக்கில் நுழைய வேண்டும். கரையில் நிற்கும்போது தெரியும் பாறை, படகில் உட்கார்ந்து கண்மட்டம் தாழ்ந்ததும் காணாமல் போய்விடும். அதனால் கரையில் உள்ள வெள்ளைப் பாறை, சாய்ந்த மரம் என்று நிலையான அடையாளம் இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உங்களிடமே மூன்று கேள்வி: இந்த வழியில் என்னால் போக முடியுமா, தவறினால் எங்கே போய் விழுவேன், அங்கே எடுக்க ஆள் நிற்கிறதா. மூன்றாவதற்கு இல்லை என்றால் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு நடங்கள். கயிற்றுப் பையோடு ஒருவர் பாய்ச்சலின் அடியில் முதலில் போய் நிற்கட்டும்.

சைகைகள்: துடுப்பை நெட்டுக்குத்தாகத் தூக்கினால் வா, கிடையாகப் பிடித்தால் நில். ஒரு விசில் என்றால் கவனி, மூன்று விசில் ஆபத்து. துடுப்பால் திசை காட்டும்போது போக வேண்டிய பக்கத்தை மட்டுமே காட்டுங்கள். ஆபத்தைச் சுட்டிக்காட்டினால் அலைச் சத்தத்தில் வருகிறவர் அங்கேதான் வருவார்.

பாய்ச்சலுக்குள்

பெரிய ஆற்றில் பாறைகளைவிடத் தண்ணீர்தான் எதிராளி. அலை உங்கள் தலையைவிட உயரமாக இருக்கும். அலையின் பள்ளத்தில் இறங்கும்போது வானமும் தண்ணீர்ச் சுவரும் தவிர எதுவும் தெரியாது. உச்சிக்கு ஏறும் அந்த ஒரு நொடியில்தான் அடையாளத்தைப் பார்க்க வேண்டும், வழியைத் திருத்த வேண்டும்.

உடையும் அலையை நேராக மோதுங்கள். உச்சியைத் தொடும்போது முன்னால் குனிந்து, அலையின் முதுகுக்கு அப்பால் துடுப்பை ஊன்றி உங்களை இழுத்துவிடுங்கள். துடுப்பைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைத்தான் அலை பின்னால் புரட்டும். துடுப்பு தண்ணீரில் இருக்கும்வரை அது உங்களுக்கு மூன்றாவது கால்.

பெரிய ஆற்றுக்கே உரிய இரண்டு. ஒன்று கொதிப்பு: ஆழத்திலிருந்து தண்ணீர் உலை போலப் பொங்கி எழுந்து எல்லாப் பக்கமும் வழியும். சறுக்கித் தள்ளும். பதறாமல் துடுப்புப் போட்டுக்கொண்டே போங்கள். இன்னொன்று சுழி. நம் ஆற்றில் கசத்துக்குப் பக்கத்துச் சுழி ஒரே இடத்தில் இருக்கும், ஊருக்கே தெரியும். கங்கையில் எடிக்கோட்டில் சுழிகள் பிறக்கும், கொஞ்ச தூரம் நகரும், மறையும். கோடும் ஒரு கோடாக இல்லாமல் சில மீட்டர் அகலத்துக்குக் கலங்கிக் கிடக்கும். அங்கே நிதானம் கூடாது. முழு வேகத்தில் தாண்டி, எடிக்குள் ஆழமாகப் போனபின்தான் மூச்சு.

குழியில் பக்கவாட்டில் மாட்டினால் கீழ்ப்பக்கம் சாய்ந்து, நுரைமேல் துடுப்பை அழுத்தி நிலைத்து, ஓரத்தை நோக்கி முன்னாலோ பின்னாலோ நகருங்கள். கவிழ்ந்தால் உடனே ரோல் வேண்டாம், குனிந்து மூன்று எண்ணுங்கள். பெரிய ஆற்றில் ஆழம் உண்டு, அலை கடந்தபின் எழுவது எளிது.

இப்போது அந்த வளையம். கங்கையில் என் இரண்டாவது நாள். வாடகை ஸ்கர்ட், எனக்குக் கொஞ்சம் இறுக்கம். அவசரத்தில் படகு கொடுத்தவர்களே குனிந்து மாட்டிவிட்டார்கள், நானும் தொட்டுப் பார்க்கவில்லை. அலையில் கவிழ்ந்தேன், இரண்டு ரோல் தோற்றது. சரி, வெளியே வந்துவிடலாம் என்று கையை முன்னால் கொண்டுபோனால் வழவழவென்று ரப்பர் மட்டும். வளையம் உள்ளே மடிந்து போயிருந்தது. காதில் சரளைக்கல் உருளும் சத்தம். குளிரில் விரல் ரப்பரைப் பற்றவில்லை. விளிம்பு முழுவதும் தடவி, கடைசியில் இடுப்பருகே, பக்கவாட்டில் ரப்பர் வளையும் இடத்தில் ஒரு மடிப்புக் கிடைத்தது. அதைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு முழங்காலால் முட்டினேன், பிரிந்தது. எத்தனை வினாடி என்று தெரியாது. வளையம் கிடைக்காவிட்டால் முன்னால் தேடிக்கொண்டே இருக்காதீர்கள். இடுப்பருகே கிள்ளுங்கள், முழங்காலால் முட்டுங்கள். இதையும் குளத்தில் பழகிவிட்டுப் போங்கள்.

நீந்த நேர்ந்தால்

மல்லாந்து, கால் முன்னே நீருக்கு மேலே தெரிய, பாறை வந்தால் காலால் தள்ள. முழங்காலுக்கு மேல் ஓட்டம் உள்ள இடத்தில் எழுந்து நிற்காதீர்கள். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் தண்ணீர் முதுகை அழுத்தி முகத்தைக் கவிழ்க்கும், பெரிய ஆள் என்றாலும் நிமிர முடியாது. எடி தெரிந்ததும் குப்புறப் புரண்டு, கை வீசிச் சாய்வாக நீந்துங்கள். முன்னால் மரம் கிடந்தால் மட்டும் எல்லா விதியும் மாறும்: தலையை முன்னே நீட்டி வேகமாக நீந்தி, மார்பைத் தூக்கி மரத்தின் மேல் ஏறிவிடுங்கள், அடியில் போகாதீர்கள்.

அலையின் உச்சியில் மூச்சு வாங்க நினைத்தால் தண்ணீர்தான் கிடைக்கும். பள்ளத்தில் இழுங்கள், உச்சியில் வாயை மூடுங்கள். கயிறு வந்தால் கயிற்றைப் பிடியுங்கள், பையை அல்ல. கையில் சுற்றாதீர்கள். மல்லாந்தபடி, கரைக்கு எதிர்ப்பக்கத் தோள்மேல் கயிறு போகட்டும், ஓட்டமே உங்களைக் கரைக்கு ஊஞ்சலாட்டிக் கொண்டுவரும். படகும் துடுப்பும் போனால் போகட்டும், ஆளைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

கரையேறியதும் ஈரத்தை மாற்றி, சூடாக ஏதாவது குடித்துவிட்டு, அடுத்த பாய்ச்சலுக்கு இறங்கலாமா என்று அப்புறம் முடிவு செய்யுங்கள். நடுக்கம் நிற்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். அந்த இரண்டாவது நாள் நான் படகைத் தூக்கிக்கொண்டு சாலைவரை நடந்தேன், ஒரு ஜீப் நிறுத்தினார்கள், ஓட்டுநர் என் சட்டையில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துவிட்டு சீட்டில் பழைய சாக்கு ஒன்றை விரித்தார். மறுநாள் காலை ஸ்கர்ட்டை நானே மாட்டினேன். வளையத்தை மூன்று முறை தொட்டேன்.